மொடக்குறிச்சியும் 1,033 வேட்பாளர்களும்

வாசகர் கேள்வி – பதில்

அறச்சலூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் மொடக்குறிச்சித் தொகுதியில் ஒரு தேர்தலில் ஆயிரம் பேருக்கு மேல் போட்டியிட்டார்கள் என்று என் மாமனார் அடிக்கடி சொல்வார். கேட்கும் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது?

உங்கள் மாமனார் சொல்வது முழு உண்மை. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். தங்கள் கோரிக்கைகளுக்கு அரசு செவிசாய்க்கவில்லை என்று மனம் வெந்த விவசாயிகள், மறியலும் மனுவும் பயன் தராத நிலையில் கூட்டம் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்து சுயேச்சைகளாக நின்றார்கள். அன்றைக்குச் சட்டமன்றத் தேர்தலுக்கான கட்டுத்தொகை 250 ரூபாய்தான் என்பதும், மனுவை முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும் என்பதும் இந்தப் போராட்டத்துக்கு வழிவிட்டன. ஆயிரம் பேரும் தலைக்கு 250 ரூபாய் கட்டினாலும் மொத்தம் இரண்டரை லட்சம் ரூபாய்தான் ஆகும். ஒரு வட்டாரத்தின் குறையை நாடு முழுவதும் பேச வைப்பதற்கு விவசாயிகள் தங்கள் கையிலிருந்து கொடுத்த விலை என்று அதைச் சொல்லலாம்.

இத்தனை பெயர்களை ஒற்றைத் தாளில் அச்சிட வழியில்லாததால் வாக்குச் சீட்டு புத்தகமாகவே தைக்கப்பட்டது. அதற்கான ஏற்பாடுகளுக்காகத் தேர்தலும் சுமார் ஒரு மாதம் தள்ளிப்போனது. அக்கால விதிப்படி கட்சி வேட்பாளர், சுயேச்சை என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாப் பெயர்களும் அகர வரிசையில் ஒன்றாகவே இடம்பெறும். வழக்கமான சீட்டில் ஒரு பார்வையில் கண்ணில் பட்டுவிடும் உதயசூரியனையோ இரட்டை இலையையோ, மறைப்புக்குள் நின்றபடி பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடி, கண்டுபிடித்த இடத்தில் முத்திரை குத்தி, அந்தப் புத்தகத்தை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். எழுத்தறியாமல் சின்னத்தை மட்டுமே நம்பி வந்த முதியவர்களுக்கு அது எத்தனை பெரிய வேலையாக இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுக்கும் நடுவே தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் மிகப் பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: அந்தத் தேர்தலில் பலர் ஒரு வாக்குகூடப் பெறவில்லையாமே? தனக்குத்தானே வாக்களிக்காதவர் எதற்காக நிற்க வேண்டும்?

88 பேருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. 158 பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு வாக்கு கிடைத்தது. இந்த எண்ணிக்கையைச் சொல்லிச் சிரிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு நியாயமற்றது. சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர் மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தாலே போதும். போட்டியிடும் தொகுதியிலேயே வாக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளித் தொகுதியைச் சேர்ந்தவர் மொடக்குறிச்சியில் நின்றால், அவர் விரும்பினாலும் தனக்கே வாக்களிக்க முடியாது. உள்ளூர்க்காரராக இருந்தாலும், வெல்வதற்காக அல்லாமல் பட்டியலில் ஒரு பெயராக இருப்பதற்காகவே மனுத்தாக்கல் செய்தவர், வாக்கைத் தனக்குப் பிடித்த கட்சிக்கு அளித்திருக்கலாம். 'மேற்கண்ட எவரும் இல்லை' என்ற பொத்தான் 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் வந்தது. 1996-ல் வாக்குச் சீட்டின் வழியாக அதிருப்தியைத் தெரிவிக்க விரும்பிய விவசாயிக்கு அந்தச் சீட்டிலேயே தன் பெயரைப் பதிப்பதைக் காட்டிலும் வலுவான வழி எது இருந்தது?

கரூரிலிருந்து ஒரு மாணவர்: மொடக்குறிச்சிக்குப் பிறகு சட்டம் மாறியது என்று படித்தேன். எந்த வகையில் மாறியது?

1996-ம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் பல இடங்களைத் தொட்டது. மொடக்குறிச்சி மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும் கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கான கட்டுத்தொகை 250-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இப்போது அது 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. சுயேச்சைகளுக்கும் அங்கீகாரம் பெறாத கட்சிகளின் வேட்பாளர்களுக்கும் அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும், ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் விதி வந்தது. வாக்குச் சீட்டிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலிலும், பதிவு செய்யப்பட்ட பிற கட்சியினர் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலும் வரும்படி வரிசை மாற்றப்பட்டது.

இந்த மாற்றங்களில் சில தேவையானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்காளரைப் புத்தகம் புரட்ட வைப்பது முறையன்று. ஆனால் அன்று இரண்டரை லட்சத்தில் முடிந்த போராட்டத்துக்கு இன்று ஒரு கோடி ரூபாய் வேண்டும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவருக்குக் கட்டிய பணம் திரும்பாது என்பதால் அத்தொகையில் ஏறக்குறைய அனைத்தும் அரசுக் கருவூலத்துக்கே போகும். வேட்பாளர் எண்ணிக்கை பெருகாமல் இருக்கச் சட்டம் வழி கண்டது. ஆயிரம் பேரை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்திய மனக்குறைக்கு அந்தத் திருத்தத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமே.

கொடுமுடியிலிருந்து ஒரு வாசகர்: 1996-ஐ விட்டால் எங்கள் தொகுதிக்கு வேறு சிறப்பே கிடையாதா?

ஏன் இல்லை? 1977-ல் அ.தி.மு.க. சார்பில் இங்கு வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்றவரும், 1996-ல் தி.மு.க. சார்பில் வென்றவரும் ஒரே சுப்புலட்சுமி ஜெகதீசன்தான். 2006-ல் காங்கிரஸின் ஆர்.எம். பழனிச்சாமி, 2011-ல் அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமி, 2016-ல் அதே கட்சியின் வி.பி. சிவசுப்பிரமணி என்று தொகுதி கை மாறியது. 2021-ல் பா.ஜ.க.வின் மருத்துவர் சி. சரஸ்வதி 78,125 வாக்குகளும், மீண்டும் களமிறங்கிய சுப்புலட்சுமி 77,844 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 281 வாக்குகள் மட்டுமே. ஒருமுறை ஆயிரம் பேர் நின்றும் முடிவு ஒருபக்கமாகவே அமைந்த இதே தொகுதியில், இரண்டு பெண்களுக்கு இடையிலான போட்டி இந்த அளவுக்கு நெருங்கி வந்தது.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: வாக்குப்பதிவு இயந்திரம் வந்த பிறகு மொடக்குறிச்சி போல ஒன்று நடக்க வாய்ப்பு உண்டா?

ஓர் இயந்திர அலகில் 'எவரும் இல்லை' பொத்தானையும் சேர்த்து 16 இடங்கள் உண்டு. உங்கள் ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலில் 77 பேர் நின்றபோது ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஐந்து அலகுகளை வரிசையாக வைத்தது நினைவிருக்கும். பழைய வகை இயந்திரத்தில் நான்கு அலகுகளைத்தான் இணைக்க முடியும்; இன்றுள்ள புதிய வகையில் 24 அலகுகள் வரை இணைக்கலாம். அதாவது 384 இடங்கள். அதைத் தாண்டினால் மீண்டும் வாக்குச் சீட்டுதான்.

2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாதில் 185 பேர் நின்றார்கள். அவர்களில் 178 பேர் விவசாயிகள். 12 அலகுகளை இணைத்து வாக்குப்பதிவு நடந்தது. மஞ்சளுக்குக் கட்டுப்படியாகும் விலையும் தனி வாரியமும் வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. மஞ்சள் விளையும் மண்ணில் இருக்கும் உங்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில், பொங்கல் நாளன்று, அந்த நிஜாமாபாதிலேயே தொடங்கப்பட்டது.