வாசகர் கேள்வி பதில்: ஜப்பான் நடிகையும் பர்மாத் தந்தராஜாவும்

கேள்வி: குவாய் நதிப் பாலம் படத்தில் ஜப்பானிய முகாம் தலைவராக வருபவரின் மனைவியும் அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை என்கிறார்களே, உண்மையா?
– தன்பியூசயாத் வாசகர்

பதில்: உண்மைதான். சரியாகச் சொன்னால் அந்த அம்மாள்தான் முதலில் நடிக்க வந்தவர். கணவர் செசூ ஹயாகாவா பின்னால் வந்தவர். அம்மாளின் பெயர் ட்சூரு ஆவோகி. ‘ட்சூரு’ என்றால் ஜப்பானிய மொழியில் கொக்கு.

1899-ல் கவாகாமி ஒட்டோஜிரோவின் நாடகக் குழு சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கியது. கவாகாமியின் உறவுக்காரச் சிறுமியாக ட்சூருவும் கூட வந்தார். ஊர் புதிது, கையில் காசில்லை. குழுவே சாப்பாட்டுக்குத் தடுமாறியபோது, அங்கே குடியிருந்த தோஷியோ ஆவோகி என்ற ஓவியர் குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டார். ‘ஆவோகி’ என்ற பெயர் அவர் வழி வந்தது.

1913-ல் சினிமாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு தாமஸ் இன்ஸ் தயாரித்த ‘த ராத் ஆஃப் த காட்ஸ்’ படத்தில் கதாநாயகி. 1914 ஜனவரியில் ஜப்பானின் சகுராஜிமா தீவு எரிமலை வெடித்தது. அந்தச் சூடு ஆறுமுன் கலிபோர்னியாவிலேயே எரிமலைக் காட்சி எடுத்துச் சில மாதங்களில் படத்தை வெளியிட்டுவிட்டார்கள். நடிகையே அந்தத் தீவில் பிறந்தவர் என்றுகூட விளம்பரம் செய்தார்கள். கம்பெனி விளம்பரத்தை நம்பி வாழ்க்கை வரலாறு எழுதினால் இப்படித்தான் ஆகும். இந்தப் படத்தில் ட்சூருவுக்கு வயதான தகப்பனாராக வருபவர் ஹயாகாவா! அந்த மே 1-ஆம் தேதி இருவருக்கும் கல்யாணம். திரையில் அப்பா, வீட்டில் மாப்பிள்ளை.

இருந்தும் 1915-ல் மேடம் பட்டர்ஃப்ளை கதையைப் படமாக்கியபோது ஜப்பானியப் பெண்ணாக நடித்தது வெள்ளைக்கார நடிகை மேரி பிக்ஃபோர்டு. ஆள் இல்லாமலா? ட்சூரு அதே கலிபோர்னியாவில்தான் இருந்தார். வெள்ளையருக்கும் ஆசியருக்கும் கல்யாணம் செல்லாது என்று அந்த மாநிலச் சட்டமே சொன்ன காலம். வெள்ளைக்கார நாயகனுக்கு ஜோடி வேண்டுமென்றால், வெள்ளைக்காரிக்குக் கிமோனோ கட்டிவிடுவதே கம்பெனிகளுக்கு வசதி. ட்சூருவுக்குப் பெரும்பாலும் கிடைத்தது கணவருக்கு ஜோடி வேஷம்.

பார்க்க வேண்டிய படம் 1919-ல் வந்த ‘த டிராகன் பெயின்டர்’. 1918-ல் ஹயாகாவா சொந்தமாகத் தொடங்கிய ஹாவர்த் கம்பெனியின் படம். ஜப்பானிய மலை என்று காட்டப்படுவது கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு. காணாமல் போனதாக நினைத்த படம் மீண்டும் கிடைத்துச் சீரமைக்கப்பட்டது. 2014-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அதில் ஹயாகாவாவின் ஓவியன் கையைக் காலை வீசி நடிப்பான். அவனைத் தாங்குவது ட்சூருவின் அடக்கம். எங்களைக் கேட்டால் படம் அவருடையதுதான்.

1920-ல் யுனிவர்சல் கம்பெனி அவரையே தலைமை வேஷத்தில் வைத்துப் படமெடுத்தது. நம் பர்மாவில் முதல் பர்மியப் படம் திரைக்கு வந்ததும் அதே ஆண்டு அக்டோபர் 13-ல்தான். பிறகு 1923-ல் பிரான்சிலும் 1924-ல் இங்கிலாந்திலும் கணவரோடு நடித்துவிட்டு ஒதுங்கினார். பேசும்படம் ஒன்றே ஒன்று, 1960-ல் ‘ஹெல் டு எடெர்னிட்டி’. 1961 அக்டோபர் 18-ல் டோக்கியோவில் காலமானார்.

நீங்கள் சொன்ன 1957-ஆம் ஆண்டுப் படம் இலங்கையில் எடுக்கப்பட்டது. ஜப்பானியர் போட்டு, உங்கள் ஊரில் வந்து சேர்ந்த சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்ட தமிழ்க் கூலிகளுக்கு அதன் கதையில் இடமில்லை.

கேள்வி: ஹயாகாவா நடித்த ‘த சீட்’ பார்த்தேன். அவரைப் பர்மாக்காரத் தந்தராஜா (யானைத் தந்த வியாபாரி) என்று படத்தின் இடையே வரும் எழுத்து அட்டை சொல்கிறது. வீட்டுச் சாமான் எல்லாம் ஜப்பான். கைலி கட்டிய ஆள் ஒருவரும் இல்லையே?
– மோல்மேன் வாசகி

பதில்: கண் கூர்மைதான் அம்மா. 1915-ல் படம் வந்தபோது அந்தப் பாத்திரம் ஹிஷூரு தோரி என்ற ஜப்பானியர். 10,000 டாலர் கொடுத்த கடனுக்காக ஒரு பெண்ணின் தோளில் சூடு போடுகிற வேஷம். அமெரிக்காவில் இருந்த ஜப்பானியர் கொதித்தார்கள். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ஜப்பான் அதற்கு நேச நாடாகவும் ஆகிவிட்டது. 1918-ல் மறுபடி வெளியிட்டபோது அவரை ‘ஹாக்கா அரக்காவ்’ என்ற பர்மாக்காரர் ஆக்கினார்கள். அந்தப் பெயரில் நம் அரக்கான் வாடை அடிக்கிறதல்லவா!

பேசும்படத்தில் இது நடக்காது. ஊமைப்படத்துக்குப் புதிய எழுத்து அட்டைகளைப் படம் பிடித்து, பழையதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. நடிகர் உதட்டசைவை யார் பார்த்தார்கள்? நீங்கள் பார்த்த பிரதி 1918-ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து வந்தது, அதனால்தான் சாமான் ஒரு நாடு, பெயர் ஒரு நாடு. சண்டைக்கு வர ஹாலிவுட் பக்கம் பர்மாக்காரர் யாரும் இல்லை என்ற துணிச்சல்தான். இந்தப் படத்தில் ட்சூரு இல்லை.

கேள்வி: பழைய ஊமைப்படங்களில் நடிகைகளின் உதடு கரி பூசியதுபோல் இருப்பது ஏன்?
– பெகு வாசகி

பதில்: அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் பதியும். கன்னத்துச் சிவப்பு அழுக்குத் திட்டாக விழும் என்பதால் முகம் முழுக்க வெளிர்நிற மெழுகுச் சாயம் அப்புவார்கள். வானத்தில் மேகமே தெரியாததும் இதனால்தான். எல்லா நிறத்தையும் ஏற்கும் பிலிம் 1920-களின் பின்பாதியில்தான் பரவலானது.

கேள்வி: எங்கள் வாசகசாலையில் கம்ப்யூட்டரில் ஊமைப்படம் போட்டோம். எல்லாரும் ஓடுகிறார்கள், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என்ன செய்வது?
– ரங்கூன் வாசகர்

பதில்: கைப்பிடி சுற்றி எடுத்த படங்கள் அவை. விநாடிக்கு 16 முதல் 20 கட்டம் (பிலிமில் உள்ள தனித்தனிப் படம்) வரை இருக்கும். 24 கட்டத்தில் ஓட்டினால் நடப்பவர் ஓடத்தான் செய்வார். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டம். 1,000 அடிச் சுருள் 16 கட்ட வேகத்தில் 16 நிமிடம் 40 விநாடி ஓடும். 24-ல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

வீடியோ ஓட்டும் மென்பொருளில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். 18 கட்டத்தில் எடுத்த படத்துக்கு அது சரிவரும். 20 கட்டம் என்றால் 0.83. அதிகம் குறைத்தால் எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் ஆகும். நடையைப் பார்த்து நிறுத்துங்கள், கோபத்தில் கை ஆட்டுவதைப் பார்த்து அல்ல. வேகம் குறைந்தால் கூட வரும் இசையும் இழுபடும். அதை அணைத்துவிட்டு வேறு இசை போடுங்கள். ஆவணக் காப்பகங்கள் சீரமைத்த பிரதிகளில் வேகம் பெரும்பாலும் சரிசெய்தே வரும், அவற்றில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: தாத்தா டூரிங் கொட்டகை வைத்திருந்தார். பரணில் பிலிம் டப்பாக்கள் கிடக்கின்றன. ஓட்டிப் பார்க்கலாமா?
– தட்டோன் வாசகர்

பதில்: வேண்டாம். முதலில் பிலிமின் அகலத்தை அளந்து பாருங்கள். 16 மி.மீ. என்றால் பெரும்பாலும் பாதுகாப்புப் பிலிம்தான். கோடாக் 1923-ல் அந்த அளவைக் கொண்டுவந்ததே அப்படித்தான். 35 மி.மீ. என்றால் ஓரத்து ஆங்கில எழுத்தைப் பாருங்கள். ‘சேஃப்டி’ என்றிருந்தால் தீப்பயம் குறைவு. ‘நைட்ரேட்’ என்றிருந்தால் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கிட்டே வரக்கூடாது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். கொளுத்திச் சோதிக்கவே கூடாது.

புளித்த காடி வாடை வந்தால் அசிட்டேட் என்ற பாதுகாப்புப் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது. நைட்ரேட் கெடும்போது படம் பழுப்பேறும், பிசுபிசுக்கும், கொப்புளிக்கும், கட்டியாகும், கடைசியில் பழுப்புப் பொடியாகும். ஒட்டியிருக்கும் சுருளை இழுத்துப் பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும். தகரக் கூரைக்கடியில் உள்ள பரண்தான் ஆக மோசமான இடம். வீட்டில் குளுமையான, காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே கிளம்பும் ஆவியே பிலிமைத் தின்றுவிடும். கெட்ட சுருளையும் நல்ல சுருளையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.