எலிக்கு குடுத்து ஒண்ணும் ஆகலைன்னா அந்த மூலிகைச் சாறு நமக்கும் சேஃபா?

2000 மில்லிகிராம் குடுத்தும் எலி சாகலைன்னு ஒரு பேப்பர்ல படிச்சேன், அப்ப அந்த எக்ஸ்ட்ராக்டை தினமும் சாப்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. அந்த ஒரு வரியை நம்பி சாப்பிடாதீங்க. ஃபார்மகாலஜி படிச்சப்ப இந்த டெஸ்ட்டெல்லாம் பக்கத்துல இருந்து பாத்தவன், அதனால சொல்றேன்.

2000ங்கிறது எலியோட எடையில கிலோவுக்கு இவ்வளவுன்னு கணக்கு. ஓஈசிடிங்கிற பன்னாட்டு அமைப்போட 423னு ஒரு டெஸ்ட் வழிமுறை இருக்கு, ஒரு கட்டத்துக்கு மூணு எலி, பெரும்பாலும் பெண் எலி, டியூப் வச்சு நேரா வயித்துக்குள்ள சாறை விடுவாங்க, ஒரே ஒரு டோஸ் தான், அப்புறம் 14 நாள் எடை குறையுதா, முடி சிலிர்த்து நிக்குதா, மூலையில சுருண்டு கிடக்குதான்னு பாத்துட்டு கடைசியில அறுத்து உறுப்புகளைப் பாப்பாங்க. (முன்னாடி எல்டி50, அதாவது பாதி எலிங்க சாகற டோஸ் எவ்வளவுன்னு கணக்கு போட எக்கச்சக்கமா எலிகளைக் கொன்னாங்க, அந்த 401 வழிமுறையை 2002ல எடுத்துட்டாங்க, ரொம்ப நல்ல விஷயம்.) இதுல தெரியறது, ஒரே தடவை நிறைய உள்ள போனா சீக்கிரம் கொல்ற விஷமா இல்லையாங்கிறது மட்டும்தான். தினமும் சாப்பிட்டா என்ன ஆகும்னு பாக்க 28 நாள், 90 நாள் டெஸ்ட் தனியா இருக்கு, கிட்னிக்கு கிரியேட்டினின், கல்லீரலுக்கு எஸ்ஜிபிடின்னு ரத்த டெஸ்ட், திசுவை வெட்டி மைக்ராஸ்கோப்ல பாக்கறது எல்லாம் அதுல தான் முழுசா வரும். அதைச் செய்யாமலே "பாதுகாப்பானது"ன்னு எழுதறவங்களைப் பாத்தா எனக்கு கோவம் தான் வருது.

ஏன்னா மெதுவா கொல்ற செடி இருக்கு. பெல்ஜியத்துல 1990கள் தொடக்கத்துல உடம்பு இளைக்க குடுத்த மாத்திரையில ஒரு சீன மூலிகைக்கு பதிலா அரிஸ்டோலோக்கியா செடி கலந்துடுச்சு, நூறு பேருக்கு மேல கிட்னி போச்சு, சிலருக்கு பின்னாடி சிறுநீர்ப் பாதையில கேன்சரும் வந்துச்சு. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி எல்லாம் அதே இனம் தான். இதுல வேதனை என்னன்னா அந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் எலிக்கு கேன்சர் உண்டாக்குதுன்னு 1982லயே தெரிஞ்சிருந்துச்சு, மாசக்கணக்கா குடுத்துப் பாத்ததால தெரிஞ்சது.

அடுத்தது பலன். "கல்லீரலைக் காக்குது"ன்னு வர்ற பேப்பர் நிறையவற்றுல முதல்ல சில நாள் சாறு குடுப்பாங்க, அப்புறம் தான் கார்பன் டெட்ராகுளோரைடு போட்டு கல்லீரலைக் கெடுப்பாங்க, சிலிமரின்ங்கிற கல்லீரல் மருந்து குடுத்த எலிகளோட ஒப்பிடுவாங்க. அதாவது கெடறதுக்கு முன்னாடியே மருந்து உள்ள இருக்கு. ஏற்கனவே கல்லீரல் கெட்டுப்போய் வைத்தியம் தேடற மனுஷனோட நிலைமை அது இல்ல, ஆனா விளம்பரத்துல அவருக்குத் தான் விக்கறாங்க.

டோஸையும் பாருங்க. எலிக்கு கிலோவுக்கு 400 மில்லிகிராம்னா, உடம்புப் பரப்பளவை வச்சு மனுஷ டோஸா மாத்த 6.2ஆல வகுக்கணும், மனுஷனுக்கு கிலோவுக்கு கிட்டத்தட்ட 65, அறுபது கிலோ ஆளுக்கு தினமும் நாலு கிராம் எக்ஸ்ட்ராக்ட். காஞ்ச இலையில பத்துல ஒரு பங்கு தான் சாறா தேறும்னு வச்சுக்கிட்டா நாப்பது கிராம் காஞ்ச இலை! அதுவும் அவங்க எத்தனால்ல எடுத்திருப்பாங்க, நீங்க தண்ணியில கொதிக்க வைப்பீங்க, ரெண்டுலயும் இறங்கற சத்து ஒண்ணு இல்ல.

அதுக்காக எலி டெஸ்ட்டே வீண்னு நினைச்சுடாதீங்க. நித்தியகல்யாணி இலை சர்க்கரைக்கு நல்லதுன்னு கேள்விப்பட்டு கனடாவுல நோபிள், பீர்னு ரெண்டு பேர் எலிக்கு குடுத்துப் பாத்தாங்க, சர்க்கரை குறையல, ஊசியா போட்ட எலிகளுக்கு வெள்ளை அணு சரிஞ்சு நோய்த்தொற்று வந்து செத்துச்சு. அது ஏன்னு விடாம துருவினதுல தான் 1958ல வின்பிளாஸ்டின் வந்துச்சு, இன்னைக்கும் கேன்சருக்கு குடுக்கறாங்க.

நீங்க ஏற்கனவே வேற மாத்திரை எடுக்கறவரா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லாம எந்த எக்ஸ்ட்ராக்டும் ஆரம்பிக்காதீங்க, அந்த எலிங்க யாரும் கூட பிரஷர் மாத்திரை சாப்பிடல.