உரிமை கொண்டாடுறதும் கோருறதும் ஒண்ணா?

அன்புள்ள சார்,

நான் ஒரு பத்திரிகையில ப்ரூஃப் பாக்குறேன். ஒரு சொத்துத் தகராறு செய்தியில 'தம்பியும் வீட்டுக்கு உரிமை கோரினார்'னு இருந்ததை 'உரிமை கொண்டாடினார்'னு மாத்தினேன். எடிட்டர் திட்டிட்டார், கொண்டாடினார்னா உரிமை இல்லாதவர்னு அர்த்தமாம். அப்படியா சார்?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்க எடிட்டர் சொன்னது முக்காவாசி சரி. கோருறதுன்னா கேக்குறது, கேக்கணும்னா எதிர்ல ஒருத்தர் வேணும், கோர்ட்டோ தாசில்தாரோ கூடப்பிறந்த அண்ணனோ, அவங்க குடுக்கலாம் குடுக்காமலும் போகலாம். கொண்டாடுறவர் யாரையும் கேக்குறதில்ல, என்னுதுன்னு சொல்லிக்கிட்டு அதுக்கேத்த மாதிரி நடக்க ஆரம்பிச்சிடுவார், பூட்டை மாத்துறது, குடியிருக்கிறவங்ககிட்ட போய் இனிமே வாடகையை என்கிட்டயே குடுங்கன்னு நிக்கிறது, இந்த மாதிரி. எந்த வம்பும் இல்லாத தன் சொந்த வீட்டுக்கு ஒருத்தர் 'உரிமை கொண்டாடினார்'னு சொல்லிப் பாருங்க, இடிக்குதுல்ல? நிஜமாவே உரிமை உள்ளவருக்கு அந்தச் சொல்லே தேவைப்படல, அதனாலதான் அதைப் படிச்சதுமே இவருக்கு ஏது உரிமைன்னு தோணிடுது. கேஸ் நடக்குறப்ப அப்படிப் போட்டா ஜட்ஜுக்கு முன்னாடி நீங்களே தீர்ப்பு எழுதின மாதிரி. கோரினார்னே விட்டுடுங்க.

மீதி கால்வாசி என்னன்னா, கொண்டாடுறதுலயே திருட்டுத்தனம் ஒட்டியிருக்குன்னு சொல்ல முடியாது. உறவு கொண்டாடுறோம். ஒரு கவிஞரை ரெண்டு ஊர்க்காரங்க எங்க ஆளுன்னு சொந்தம் கொண்டாடினா அது பிரியம். அதையே 'பணம் வந்ததும் சொந்தம் கொண்டாட வந்துட்டாங்க'ன்னு சொன்னா கதையே வேற. 'இதுக்கு யாரும் தனியா உரிமை கொண்டாட முடியாது'ங்கிறதுல யார் மேலயும் பழி இல்ல.

எடுத்துக்கிட்டான்னே சொல்லணும்னா அதுக்குத் தனியா இருக்கு. அடுத்தவன் பொருள் மேல மனசு போறது வெஃகுதல், குறள்ல 18ஆம் அதிகாரமே அதைப் பத்தினதுதான், 'நடுவின்றி நன்பொருள் வெஃகின்'னு ஆரம்பிக்கும். கையை நீட்டிப் புடுங்கினா வௌவுதல், செய்தி பாஷையில அபகரிக்கிறது, தெருவுல ஆட்டையப் போடுறது. மனசு போறதைத் தவிர மத்ததுல எல்லாம் பொருள் கை மாறிடும். கொண்டாடுறதுல மாறணும்னு கட்டாயமில்ல. அடுத்தவர் கவிதைக்குக் கீழ இருக்குற பேரை அழிச்சிட்டுத் தன் பேரைப் போட்டு வாட்ஸப்புல சுத்த விடுறாங்களே, கவிதை எழுதினவர்கிட்டயேதான் இருக்கு, கைதட்டல் மட்டும் வேற வீட்டுக்குப் போகுது, கொஞ்ச நாள்ல எழுதினவர் அதைப் போட்டா காப்பியான்னு அவரையே கேப்பாங்க. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதை.