கேளுங்கள், சொல்கிறோம்: தாளை மாற்றினால் தப்பலாமா?

கேள்வி: "சிகரெட் தாளில் பூசுற கெமிக்கல்தான் கேன்சர் வரவைக்குது. பழுப்புத் தாள் வாங்கி நானே சுருட்டிக்கிட்டா பயமில்லை" என்கிறார் என் கணவர். சரியா?
- வாசகி, ஈரோடு

பதில்: தாளில் ரசாயனம் இருப்பது நிஜம்தான். ஆனால் அவர் குற்றவாளியைத் தவறான இடத்தில் தேடுகிறார். ஒரு சிகரெட்டில் புகையிலை சுமார் 600 முதல் 700 மில்லிகிராம். தாள் 40, 50 மில்லிகிராம்தான். அதிலும் ஏறத்தாழ கால் பங்கு கால்சியம் கார்பனேட். உள்ளே இருக்கும் புகையிலை தெரியாமல் தாள் வெள்ளையாக இருப்பது அதனால்தான். இதுபோக, சோடியம் அல்லது பொட்டாசியம் சிட்ரேட் எடையில் ஓரிரு சதவீதம் சேர்ப்பார்கள். தாள் சீராகவும் வேகமாகவும் எரியும்.

இந்தச் சிட்ரேட்டில் ஒரு சங்கதி இருக்கிறது. ஆய்வகத்தில் புகையை அளக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை, 2 விநாடியில் 35 மில்லிலிட்டர் இழுக்கும். சிகரெட் சீக்கிரம் எரிந்தால் இழுப்புகளின் எண்ணிக்கை குறையும், பதிவாகும் 'தார்' (புகையில் உள்ள பிசுபிசுப்பான படிவு) அளவும் இறங்கும். நுண்துளை அதிகமுள்ள தாளில் வெளிக்காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்யும். கார்பன் மோனாக்சைடும் ஓரளவு வெளியேறும். ஆனால் நிகோடின் போதாதவர் ஆழமாக இழுப்பார், இன்னொன்று பற்றவைப்பார். இயந்திரம் காட்டிய குறைவு நுரையீரலுக்குக் கிடைக்காது.

புற்றுநோய் தரும் என்என்கே (NNK) போன்ற நைட்ரோசமீன்கள் என்ற ரசாயனங்கள் புகையிலை இலையைப் பதப்படுத்தும்போதே உருவாகிவிடுகின்றன. புற்றுநோய் தரும் இன்னொரு பொருளான பென்சோபைரீன், இலையோ தாளோ, எந்தத் தாவரப் பொருள் அரைகுறையாக எரிந்தாலும் பிறக்கும். பழுப்புத் தாள் வெளுக்கப்படாத தாள், அவ்வளவே. கையால் சுருட்டும்போது பெரும்பாலும் ஃபில்டரும் வைப்பதில்லை. அவருடைய ஆபத்து குறைய ஒரே வழி, நிறுத்துவதுதான்.

கேள்வி: அமெரிக்காவில் வாங்கிய சிகரெட், இழுக்காமல் வைத்தால் தானாக அணைகிறது. நச்சும் குறைவா?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு மூன்று பட்டைகள் தெரியும். காற்று எளிதில் புகாதபடி ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்), ஸ்டார்ச் போன்றவற்றைப் பூசிய இடங்கள் அவை. நெருப்பு அங்கே வந்ததும் ஆக்சிஜன் போதாமல் அடங்கும். படுக்கையில் தீப்பிடித்துச் சாவதைத் தடுக்க நியூயார்க் மாநிலம் 2004-இல் இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் தொடர்ந்தது. நச்சைக் குறைப்பது இதன் நோக்கமே அல்ல. இழுக்கும்போது எரிவது அதே புகையிலை. தீ விஷயத்திலும் முழு நம்பிக்கை வேண்டாம். 40 சிகரெட்டில் 10 வரை கடைசிவரை எரிந்தாலும் சோதனையில் தேறிவிடும். எனவே தானாக அணையும் என்று விடாமல், சாம்பல் கிண்ணத்தில் நசுக்கி முழுதாக அணைத்துவிடுங்கள்.