ஆக்சலாட்டல் குஞ்சுகளுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

கேள்வி: 5 செ.மீ. நீளத்தில் இரண்டு ஆக்சலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் ஒரு வகை சாலமாண்டர்) குஞ்சுகள் வாங்கியிருக்கிறேன். இப்போதைக்குச் சின்னத் தொட்டி போதுமா? வளர வளர மாற்றிக்கொள்ளலாமா? இல்லை, எடுத்த எடுப்பிலேயே பெரிய தொட்டி வாங்கிவிடவா?

பெரிய தொட்டியை இப்போதே வாங்கிவிடுங்கள். ஆனால் குஞ்சுகளை இப்போதே அதில் விடாதீர்கள். இடையில் "கொஞ்ச நாளைக்கு" என்று ஒரு நடுத்தரத் தொட்டி வாங்குவதுதான் வீண் செலவு. நல்ல தீனி கிடைத்தால் ஆறேழு மாதத்தில் இவை 15 செ.மீ. வந்துவிடும். முழு வளர்ச்சியில் 20 முதல் 30 செ.மீ. வரை போகும், பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும்.

தொட்டி பார்க்கப் போகும்போது எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன், அடித்தளத்தை அளந்து பாருங்கள். மீன் மாதிரி மேலும் கீழுமாக நீந்திக்கொண்டே இருக்கிற உயிர் இல்லை ஆக்சலாட்டல். பெரும்பாலான நேரம் தரையில்தான் நடக்கும், தரையில்தான் படுத்திருக்கும். 45 செ.மீ. நீளம், 30 அகலம், 45 உயரம் உள்ள தொட்டியையும், 75 நீளம், 30 அகலம், 27 உயரம் உள்ள தொட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய 60 லிட்டர்தான் பிடிக்கும். ஆனால் முதலாவதில் தரை 1350 சதுர செ.மீ., இரண்டாவதில் 2250. வளர்ந்த ஆக்சலாட்டல் முதலாவதில் திரும்பவே கஷ்டப்படும்.

உங்களிடம் இரண்டு இருப்பதால் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினால் 120 லிட்டர் வரும். தண்ணீர் மட்டுமே 120 கிலோ என்பதால், எந்த மேசையில் வைக்கப் போகிறீர்கள் என்பதையும் யோசித்துவிடுங்கள். ஒன்றே ஒன்று வளர்ப்பவர்கள் 75 லிட்டரில் சமாளிக்கலாம். அதற்குக் கீழே நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இவை நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிவு போடும்; தண்ணீர் குறைவாக இருந்தால் அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு சீக்கிரம் ஏறிவிடும்.

சரி, குஞ்சுகளை ஏன் உடனே விடக்கூடாது? புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா இன்னும் இருக்காது. அவை பெருக நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, அந்த பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியா சேர்த்து, தண்ணீரைப் பரிசோதித்துக்கொண்டே இருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. இந்த வயதில் வாய்க்கு முன்னால் அசைவதைத்தான் அவை கவ்வும். பெரிய தொட்டியில் தீனி எங்கேயோ சிதறிப்போகும், குஞ்சு பட்டினி கிடக்கும். கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அதனால் இந்த இரண்டு மாதமும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா போதும். மூன்று நான்கு லிட்டர் தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு சின்னக் குழாய்த் துண்டு, அவ்வளவுதான். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். குளோரின் நீக்கிய தண்ணீர், பழைய தண்ணீரின் அதே வெப்பநிலையில். வேலைதான், ஆனால் தினமும் பார்ப்பதால் எது சாப்பிடுகிறது, எது சுணங்குகிறது என்று உடனே பிடிபடும்.

"ஆளுக்கொரு டப்பா" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நானும் இரண்டு குஞ்சுகளோடுதான் ஆரம்பித்தேன். ஒன்றாகப் பிறந்தவைதானே என்று ஒரே டப்பாவில் விட்டேன். நான்காவது நாள் காலையில் சின்னதற்கு முன்னங்கால் ஒன்று மணிக்கட்டோடு துண்டாகிப் போயிருந்தது. பெரியது கவ்வியிருக்கிறது. பகையெல்லாம் இல்லை, அசைந்தது, தீனி என்று நினைத்துவிட்டது. உடனே பிரித்தேன். பத்து நாளில் அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மொட்டு வந்தது. பிறகு அது தட்டையாகி, நுனியில் விரல்கள் ஊசிமுனை அளவுக்குப் பிரிந்தன. ஒன்றரை மாதத்தில் முழுக்கால். பார்க்க அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பிரித்து வைத்திருந்தால் அந்தக் குஞ்சுக்கு அந்த வலியே வந்திருக்காது.

குஞ்சுகள் 10 செ.மீ. தாண்டி, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்து, பெரிய தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் மாற்றலாம். அடியில் சரளைக்கல் போடவே வேண்டாம், விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். 15 செ.மீ. வரும்வரை வெறும் தரையே நல்லது, அப்புறம் வேண்டுமானால் நைசான மணல். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். தலைக்கு வெளியே நீட்டியிருக்கும் செவுள்கள் முன்பக்கமாக வளைந்தே நின்றால் நீரோட்டம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிடுங்கள். வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. 24ஐத் தாண்டவே விடக்கூடாது. பெரிய தொட்டி மெதுவாகத்தான் சூடேறும், ஆனாலும் வெயில் காலத்தில் அது மட்டும் போதாது. மின்விசிறியோ, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ வாங்கவும் பணம் ஒதுக்கி வையுங்கள். மூடி கட்டாயம், துள்ளி வெளியே விழும்.

கடைசியாக ஒன்று. 18 செ.மீ. வாக்கில்தான் ஆணா பெண்ணா என்று தெளிவாகத் தெரியும். ஆணுக்கு வால் தொடங்கும் இடத்தில் நன்றாகப் புடைத்திருக்கும். உங்களுடையது ஜோடியாக அமைந்துவிட்டால் ஒரே தொட்டியில் வைக்க முடியாது. பெண் திரும்பத் திரும்ப நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு இளைத்துப்போகும். இரண்டாவது தொட்டிக்கு வீட்டில் எங்கே இடம் என்று இப்போதே பார்த்து வையுங்கள்.