சுவரில் விரிசல்: மெட்ரோ வேலை முடியும்வரை பொறுக்கலாமா, இப்போதே பூசிவிடலாமா?

கேள்வி: மொரிஷியஸின் சென் பியேரில் மெட்ரோ பாதைக்கு மண் வேலை நடக்கும் இடத்தை ஒட்டி எங்கள் வீடு. அப்பா கட்டிய பிளாக் வீடு, மேலே கான்கிரீட் தளம். ரோலர் ஓடும்போது அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடுகிறது. ஹாலிலும் அம்மாவின் அறையிலும் விரிசல் விழுந்திருக்கிறது. வேலை சில வாரம் நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. எப்போது முடியும் என்று கேட்டால் ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை. தைப்பூசக் காவடிக்குள் பூசிப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்கிறார் அம்மா. இதற்கிடையில் நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்து வந்து போகிறார். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: பூசாதீர்கள். பதிவு செய்யாமல் ஒரு கரண்டி சிமெண்ட்கூட வைக்காதீர்கள். பெயிண்ட் ஏறிய பிறகு அந்த விரிசல் எங்கே இருந்தது, எவ்வளவு அகலம், எப்போது வந்தது என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. அம்மாவிடம் நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் ஆடியதாலேயே வீடு விரிந்தது என்று ஆகிவிடாது. தரையின் அதிர்வை வினாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளப்போம். வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு 0.3 அளவிலேயே அது தெரியத் தொடங்கும். 1-ஐத் தொட்டால் புகார் எழுதக் கிளம்பிவிடுவார். சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்கு ஜெர்மானிய அளவுகோல் மெதுவான அதிர்வில் வைத்திருக்கும் எல்லையே 5. நமக்குப் பயம் வரும் அளவைவிட அதிர்வு பல மடங்கு கூடினால்தான் சுவருக்கு ஆபத்து வரும். அளவைப் பார்க்காமல் யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாது, நான் உட்பட. ஒப்பந்ததாரர் அதிர்வுமானி வைத்திருந்தால் அந்தப் பதிவைக் கேளுங்கள். வைக்கவில்லை என்றால், வைக்கவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இனி விரிசலுக்கு வருவோம். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே, சுவர் நெடுகப் படுக்கையாக ஓடுகிறதா? நம் தீவில் பாதி வீடுகளில் அது உண்டு. வெயிலில் தளம் விரிந்து, இரவில் சுருங்கி, சுவரின் தலையை இழுத்த வேலை அது. மெட்ரோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பினாலோ, பிளாக் இணைப்புகளின் வழியே படிப்படியாக இறங்கினாலோ அடியில் மண் அசைந்திருக்கலாம். அதை விடக்கூடாது. அப்புறம் டார்ச் அடித்து விரிசலின் உள்ளே பாருங்கள். ஓரம் கூர்மையாக, உள்ளே வெளிறிய சிமெண்ட் நிறமாக இருந்தால் புதிது. உள்ளே தூசியும் சிலந்தி நூலும் இருந்தால் பழையது. பெயிண்ட் வழிந்து உள்ளே இறங்கியிருந்தால், கடைசியாகப் பெயிண்ட் அடித்த நாளுக்கு முன்பே அது அங்கே இருந்தது. மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் அடிக்கோலை வைத்துப் போனில் படம் எடுங்கள். முதலில் சுவர் முழுவதும், பிறகு கிட்டத்தில். விரிசலுக்குக் குறுக்கே கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி அதிலும் தேதி போடுங்கள். அது உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் அழகுப் பிரச்சினைதான். 5-ஐத் தாண்டினால், கதவு பிடிக்க ஆரம்பித்தால், என் பதிலுக்குக் காத்திருக்காமல் பதிவு பெற்ற சிவில் என்ஜினியரை வரவழையுங்கள். அர்பான்தேரை அல்ல! அவர் எல்லை அளப்பவர். சுவர் ஏன் விரிந்தது என்று சொல்வது அவர் வேலையில்லை. ஆனாலும் மக்கள் அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். என்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரின் பெயர் பதிவு பெற்ற என்ஜினியர்கள் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு இஸ்யேயை, அதாவது நீதிமன்ற அலுவலரை, அழைத்துக் கொன்ஸ்தா எழுத வையுங்கள்; கண்டதைக் கண்டபடி பதியும் அறிக்கை அது. செலவு உண்டு, ஆனால் உங்கள் போன் படத்தைவிட அது பேசும். போலீஸ் ஸ்டேஷனில் முன்னெச்சரிக்கையாக எழுதி வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அது நீங்கள் சொன்னதைக் காட்டும், சுவரைக் காட்டாது. பெரிய வேலை தொடங்கும் முன் பக்கத்து வீடுகளைப் படம் எடுத்து வைப்பது வழக்கம். உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் அந்த அறிக்கையின் நகல் கேளுங்கள்.

எங்கே கேட்பது என்கிறீர்களா? அங்கேதான் எனக்கும் எரிச்சல். இது போன்ற வேலைகளில் அமைச்சகம் ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் ஆலோசகரைக் காட்டுவார், ஆலோசகர் இன்சூரன்ஸைக் காட்டுவார். கடிதம் கிணற்றில் போட்ட கல். வேலை எப்போது முடியும் என்று வீட்டு வாசலில் ஒரு பலகை வைக்கக்கூட மனமில்லை, ஆனால் திறப்பு விழாவுக்கு மட்டும் பந்தல் சரியான நேரத்தில் எழும்புகிறது. அதனால் எல்லோருக்கும் ஒரே நாளில், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அட்டர்னி மூலம் மீஸான் தெமேர், அதாவது சட்டப்படியான எச்சரிக்கை நோட்டீஸ். காலம் கடத்த வேண்டாம். அரசு தரப்பு மீதான வழக்குகளுக்குக் கெடு குறுகியது.

இப்போது, நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று வரும் அந்த மனிதர். அமைச்சகத்தில் ஆள் தெரியும் என்பார், உங்கள் தீத்ர் (வீட்டுப் பத்திரம்) நகலைக் கேட்பார், வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்பார், வருவதில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு என்பார். காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள், காகிதம் கொடுக்காதீர்கள். பெரிய கட்டுமான வேலைக்கு மூன்றாம் தரப்புக்கான இன்சூரன்ஸ் இருப்பது வழக்கம், உங்கள் கோரிக்கை நேரே அங்கே போகலாம். நடுவில் ஒருவர் எதற்கு? இவருடைய கூட்டாளி இன்னொருவர் இருப்பார். விரிசலுக்குள் ஏதோ ரசாயனம் ஏற்றினால் பூகம்பத்துக்கும் அசையாது என்பார். நகர்ந்துகொண்டிருக்கும் விரிசலில் எதை ஏற்றினாலும் பக்கத்தில் புதிதாக ஒன்று திறக்கும்.

ஒரு விதிவிலக்கு, உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் உறவினரிடம் சொல்லுங்கள். மேலே நான் சொன்னதில் சுவரைத் தொடும் எதையும் ஈடிசி எனப்படும் பழைய குடியிருப்பு வீட்டில் செய்யக் கூடாது. 1960-இல் கரோல் புயல் அடித்து ஓய்ந்த பின்னாளில் கட்டிய அந்த வீடுகளின் சுவர்த் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. சுரண்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள், துளை போடாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், உடைந்த துண்டைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தூசி கிளம்பினால் நுரையீரலில் தங்கும், வியாதி பல ஆண்டு கழித்து வரும். படம் மட்டும் எடுங்கள், உடைந்த இடத்தை ஈரத்துணியால் மூடுங்கள், குழந்தைகளை விலக்குங்கள், வீட்டு வசதி அமைச்சகத்துக்கு எழுதுங்கள். கொத்தனார் 'ஒரு சின்ன ஓட்டைதானே' என்று துளைக் கருவியை எடுத்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது, இன்னும் சொல்வேன்.

சரி, எவ்வளவு நாள் பொறுப்பது? ரயில் ஓடும்வரை வேண்டாம். ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் வரை 2019 அக்டோபரில் திறந்தார்கள், கியூர்பிப் 2022 அக்டோபரில், ரெத்வி 2023 ஜனவரியில். பகுதி பகுதியாகத்தான் நகர்கிறது, உங்கள் பக்கம் எந்த நாளில் என்று நான் சொல்லப் போவதில்லை. வீட்டை ஆட்டுவது மண் இறுக்கும் ரோலரும் பாறை உடைக்கும் இயந்திரமும் தூண்களுக்கு அஸ்திவாரம் இறக்கும் வேலையும்தான். அவை உங்கள் வாசலைத் தாண்டி, தண்டவாளத்துக்கான கான்கிரீட் விழுந்து, மின்கம்பி கட்ட ஆரம்பித்தால் பிளாஸ்டர் அப்பிய அடையாளத்தைப் பாருங்கள். சில மாதம் உடையாமல் நின்றால் பூசலாம். மேல்தளத்தில் நீர் கசிந்தால் மட்டும் அதுவரை காத்திருக்காதீர்கள். நவம்பரில் புயல் காலம் தொடங்கிவிடும். படம் எடுத்துவிட்டு எத்தான்ஷெய்தேயை, அதாவது நீர்க்கசிவுத் தடுப்பு வேலையை, உடனே செய்யுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியில் ஒரு தொகையும் ஒரு காகிதமும் சேர்ந்து வரலாம். அந்தக் கித்தான்ஸில், அதாவது பணம் பெற்றதற்கான ஒப்புகைத் தாளில், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருந்தால் கையெழுத்து போடாதீர்கள். 'இணைத்துள்ள பட்டியலில் கண்ட விரிசல்களுக்கு மட்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் தாளை வாங்கிக்கொண்டு, காசோலையைத் தொடாமல், அட்டர்னியிடம் போங்கள்.