தீவுப் பகுதியில் சூரியனோடு திரும்பும் சோலார் பனல் போடலாமா?

கேள்வி: "நான் தீவுப் பகுதியில் இருக்கிறேன். சூரியன் போகிற பக்கமெல்லாம் திரும்பும் பனல் போட்டால் 40 சதவீதம் கூடுதல் கரண்ட் வரும் என்கிறார்கள். போடலாமா?"

வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னொரு பனல் வாங்கி வையுங்கள்.

அவசரக்காரர் இதோடு போகலாம். நீங்கள் வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்கு வெல்டிங் தொழில், ஊர் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவு. 2021இல் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நாட்களில், பழைய பெரிய டிஷ் அன்ரனாவைத் திருப்பும் மோட்டர் ஒன்று கைக்குக் கிடைத்தது. கல்வனைஸ் பைப்பில் தூண் நாட்டி, 330 வாட் பனல் மூன்றை அதில் ஏற்றி, காலையில் கிழக்கே பார்த்து மாலையில் மேற்கே சரியும்படி செய்தேன். கிணற்றுப் பம்புக்கான கரண்ட் அதிலிருந்துதான். வெளிச்சம் எந்தப் பக்கம் கூட என்று பார்க்க இரண்டு சிறிய எல்.டி.ஆர். கண்கள், நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அவ்வளவுதான் மூளை.

பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நேரத்தில், எங்கள் கிணற்றில் காலை ஏழரைக்கே தண்ணீர் ஏறியது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: பற்றரி இல்லாமல் நேரே பம்ப் ஓட்டுகிறவருக்குத் திரும்பும் பனலில் லாபம் உண்டு. காலையில் பம்ப் சீக்கிரம் எழும்பும், பின்னேரம் பிந்தி நிற்கும்.

ஆனால் 40 சதவீதமா? கூரையில் அதே அளவில் அசையாமல் கிடந்த மூன்று பனல்களோடு ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதி வந்தேன். மாசி, பங்குனியில் முகில் இல்லாத நாட்களில் கூரையில் 4.6 யூனிட் என்றால் தூணில் 5.6. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இரண்டும் ஒன்று. சில நாள் தூண் குறைவு. காரணம் லேசானது. முகில் மூடினால் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது, அப்போது மட்டமாகக் கிடக்கும் பனலுக்குத்தான் அதிகம் கிடைக்கும். என்னுடையதோ முகிலின் வெளுத்த ஓரத்தைத் தேடி அங்குமிங்கும் அலையும்.

நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒன்பதரைப் பாகை வடக்கே. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சந்தலையில். இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கமாக நிற்கும். அதனால் தெற்கே 10 பாகை சரித்து வைத்தாலே வருசம் முழுக்கப் போதும், மழையில் தூசியும் தானே கழுவுப்படும். மூன்றுக்கு நான்காவது பனல் சேர்த்தால் 33 சதவீதம் கூடும். அது கிறீஸ் கேட்காது.

கிறீஸ் என்றதும் உப்பு ஞாபகம் வருகிறது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கினால் இங்கே ஜன்னல் கம்பியை நக்கிப் பார்க்கலாம், கரிக்கும். மோட்டரின் திருகாணித் தண்டு இரண்டாவது சோளகத்திலேயே இறுகிவிட்டது. "கடலுக்குத் தாங்கும்" என்று சொல்லி ஒரு கடையில் விற்ற நட், போல்ட் ஆறு மாதத்தில் சிவந்து வழிந்தன. ஒரு நாள் பின்னேரம் இரண்டு மணி, சூரியன் மேற்கே, பனல் கிழக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. ஏறிப் பார்த்தால் மேற்குக் கண்ணின் மேல் காகம் எச்சமிட்டிருக்கிறது. அதற்கு அது இரவு.

"பெரிய சோலார் பண்ணைகளில் எல்லாம் திரும்பும் பனல்தானே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். அங்கே கிறீஸ் பூச ஆள் உண்டு, காற்று அடித்தால் தானே மட்டமாகப் படுக்கும் ஏற்பாடு உண்டு. 2024 நவம்பரில் பெங்கல் புயல் விலகிப் போனபோது, என் பனல் மேற்கே சரிந்தபடி இறுகிக் கிடந்தது. மழைக்குள் நானும் மனிசியும் கயிறு போட்டு வேப்பமரத்தில் இழுத்துக் கட்டினோம். பாய் விரித்த வள்ளத்தைப் பிடித்து வைத்திருப்பது போலத்தான். அவ சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. திரும்பும் பனலின் லாபம் முழுவதும் காலையிலும் பின்னேரமும்தான். எனக்கு மேற்கே இருக்கும் வளவு சுவிஸில் இருப்பவருடையது. இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு வருவார். வேலி இல்லை, பூவரசு காடாகிக் கிடக்கிறது. மூன்றரைக்கே அந்த நிழல் பனலின் கீழ் மூலையில் விழும். ஒரு மூலை இருண்டால் தொடராக இணைத்த மற்றப் பனல்களும் சோர்ந்துவிடும். போனில் கேட்டேன், கிளை வெட்டவா என்று. "வளவில் கை வைக்காதீங்கோ, நான் வந்து பார்க்கிறன்" என்றார். பாம்பு வருகிறது என்றேன், அதற்கும் அதே பதில். காணி எல்லாம் காடாகக் கிடக்க, ஊர் முன்னேறவில்லை என்று முகநூலில் எழுதுவதும் இவர்கள்தான். எல்லோரையும் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் காசு அனுப்புகிறவர்களும் அவர்கள்தான், சரி.

பனலைப் போன வருசம் 10 பாகையில் வெல்டிங் பிடித்து நிறுத்திவிட்டேன். மோட்டர் கொட்டிலில் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுங்கள். தூணுக்கும் வேப்பமரத்துக்கும் இடையில் கட்டிய அந்தக் கயிற்றை மட்டும் மனிசி அவிழ்க்க விடவில்லை. உடுப்புக் காயப்போடுகிறா.